அரை ஒன்பது என்றால் எட்டரை

2023 செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை. மேற்படிப்புக்காக ஜெர்மனியின் மியூனிக்கில் வந்து இறங்கியபோது அக்டோபர்ஃபெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. பெயரில்தான் அக்டோபர், திருவிழா செப்டம்பர் நடுவிலேயே ஆரம்பித்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடிப் பார்க்கவில்லை. ரயிலில் தோல் அரைக்கால்சட்டை போட்ட பெரியவர்கள் சேர்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள். நான் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றேன். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரே ஒரு கட்டிலுக்கு அன்றிரவு 95 யூரோ கேட்டார்கள். விசாவுக்காக வங்கியில் முடக்கிவைத்த 11,208 யூரோவில் மாதம் என் கைக்கு வருவது 934. பத்து ராத்திரி தூங்கினாலே மாதம் முடிந்தது.

ஆக்ஸ்பர்க்கில் படித்துக்கொண்டிருந்த மதுரைக்கார அண்ணன் ஒருவர் "தரையில படுத்துக்குவேன்னா வா" என்றார். போனேன். ஆக்ஸ்பர்க்கிலிருந்து மெதுவான ரயிலில் மியூனிக், அங்கிருந்து யூ6 சுரங்க ரயிலில் கடைசி நிறுத்தமான கார்ச்சிங் ஆய்வு வளாகம், என் வகுப்புகள் நடக்கும் இடம். ஒரு வழிக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அந்த வருடம் மே மாதம் தொடங்கிய 49 யூரோ மாத டிக்கெட் இல்லாவிட்டால் அதுவும் முடிந்திருக்காது. ஐசிஇ போன்ற தொலைதூர விரைவு ரயிலில் அந்த டிக்கெட் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் ஏறி அபராதம் கட்டியவர்களை நான் அறிவேன்.

வளாகம் பெரியது. 1957இல் ஓடத் தொடங்கிய ஜெர்மனியின் முதல் ஆய்வு அணு உலை முட்டை வடிவத்தில் அங்கேதான் நிற்கிறது. ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தலைமையகம், மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் ஆய்வகங்கள், லைப்னிட்ஸ் சூப்பர் கம்ப்யூட்டர் மையம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். எல்லாம் இருந்தது, ராத்திரி தலைசாய்க்க இடம்தான் இல்லை.

விருதுநகர்ப் பக்கம் நான் படித்த கல்லூரியில் ஒரு அறிவிப்பு எப்படி வரும் தெரியுமா? அட்டெண்டர் அண்ணன் சுற்றறிக்கை நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார். ஆசிரியர் வாசித்துக் கையெழுத்துப் போடுவார். நாம் கவனித்திருக்க மாட்டோம். சாயங்காலம் கிளாஸ் ரெப் திரும்பச் சொல்வான். கடைசி நாளன்று ஹாஸ்டல் வார்டனே அறைக் கதவைத் தட்டி "ஃபார்ம் குடுத்தியாடா?" என்பார். நான்கு வருடம் அப்படிப் பழகிய உடம்பு இது. எழுத்தில் வரும் தகவலை ஒரு ஆள் வாயால் உறுதிசெய்த பிறகுதான் அது எனக்குத் தகவல். ஜெர்மனியில் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி இந்தப் பழக்கத்தால் வந்தது.

அக்டோபர் 19ஆம் தேதி ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் கேட்டார்.

"தம்பி, யூனிவர்சிட்டி மெயில்ல ஏதும் வந்துச்சா?"

"எனக்குத்தான் ஜிமெயில் இருக்கேண்ணே."

பிசைந்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சேர்க்கையின்போது ஒரு தாளில் கடவுச்சொல் கொடுத்திருந்தார்கள். பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து மின்னஞ்சலைத் திறந்தால் 143 கடிதங்கள். பாதி, சைக்கிள் நிறுத்துமிடம் மாறியது, லிஃப்ட் பழுது என்பவை. மீதியில் மூன்று என் கழுத்தைப் பிடித்தன.

ஒன்று, ஜெர்மன் மொழி வகுப்பு. இலவசம். பதிவு திறந்த அன்றே இடம் தீர்ந்து, காத்திருப்போர் பட்டியலும் மூடியிருந்தது. இரண்டு, ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி. அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவதுதான் நெஞ்சை அடைத்தது. ஜூலையிலேயே நான்கு மாணவர் விடுதிகளுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அதில் ஒன்றிலிருந்து அக்டோபர் 2ஆம் தேதி கடிதம் வந்திருக்கிறது: கட்டில், மேசை, அலமாரியோடு தனி அறை, மின்சாரம், வெந்நீர், இணையம் எல்லாம் சேர்த்து மாதம் 385 யூரோ, 15ஆம் தேதி முதல் தங்கலாம், ஐந்து நாளில் பதில் சொல்லவும். ஜிமெயிலுக்கு வந்திருக்க வேண்டிய கடிதம் இது. சேர்க்கைச் சான்றிதழைப் பதிவேற்றியபோது, கௌரவமாக இருக்கட்டும் என்று பல்கலைக்கழக முகவரியை மாற்றிக் கொடுத்தவன் நானேதான்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன், அதுவும் தினமும் ஆக்ஸ்பர்க் வரை. உடனே மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். மறுநாள் இரண்டு வரியில் பதில்: அறை அடுத்தவருக்குப் போய்விட்டது, விருப்பமிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம். புதிதாக என்றால் வரிசையின் வாலிலிருந்து. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மியூனிக்கில் மாணவர் விடுதி அறை என்பது சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. வெளியே பகிர்ந்து தங்கும் வீட்டில் ஒரு அறைக்கே 700 யூரோவுக்கு மேல் கேட்ட காலம். விடுதிகளைப் பெரும்பாலும் நடத்துவது ஷ்டூடியரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பு. உணவகங்களும் அதன் கையில்தான். அதன் பெரிய குடியிருப்பு ஃப்ரைமான் பகுதியில் இருக்கும் ஷ்டூடெண்டன்ஷ்டாட், அதாவது மாணவர் நகரம். 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு அடுக்குமாடியில் தீப்பிடித்து ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு பல கட்டடங்கள் மூடப்பட்டு, நான் வந்தபோதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் ஆளில்லாமல் கிடந்தன. யூ6 ரயில் அந்த வழியாகத்தான் போகும். தினமும் இருட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போவேன். 1972 ஒலிம்பிக்குக்கு வந்த வீராங்கனைகள் தங்கிய இடத்தில் இடித்துக் கட்டிய குட்டி பங்களாக்கள் 1,052 இருக்கின்றன. மாணவர்கள் முன்சுவரில் இஷ்டத்துக்குப் படம் வரைந்து வைத்திருப்பார்கள். அதற்கும் வரிசை. இதெல்லாம் போக, தேவாலயங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் சிறு விடுதிகள் நிறைய உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிறு விடுதிகளுக்குத் தனித்தனியாக, அனுமதிக் கடிதம் வந்த அன்றே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. எது என்பது முக்கியமில்லை, தினமும் காலையில் பல் தேய்ப்பதுபோல் திறந்து பார்க்கிற முகவரியாக இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். படிப்பது என்றால் அகராதியை வைத்துக்கொண்டு படிப்பது. அந்த அறிவிப்புகளுக்கென்று தனியாக ஒரு பாஷை இருக்கிறது. "காவே 42" என்று போட்டிருந்தால் வருடத்தின் 42ஆவது வாரம். அந்த ஆண்டு அது அக்டோபர் 16 முதல் 22 வரை. தேதி போட மாட்டார்கள், வாரத்தின் எண்தான். "10 மணி, சி.டி." என்றால் 10:15க்குத்தான் தொடங்கும். லத்தீன் சுருக்கம். எல்லோரும் வந்து சேரக் கால் மணி நேரம் ஒதுக்கும் பழைய வழக்கம். "எஸ்.டி." என்றால் 10 அடித்தவுடன் கதவு மூடும். முதல் வாரம் சி.டி. வகுப்புக்கு பத்துக்கே போய், காலி மண்டபத்தைப் பார்த்துவிட்டு இடம் தப்பு என்று கட்டடம் கட்டடமாக ஓடி, 10:25க்குத் திரும்பி வந்தால் எல்லோரும் உட்கார்ந்து பாடம் நடந்துகொண்டிருந்தது.

"ஃப்ரிஸ்ட்" என்ற சொல்லுக்குக் கெடு என்று பொருள். அதற்கு முன்னால் "அவுஸ்ஷ்லுஸ்" ஒட்டியிருந்தால் அந்தக் கெடு தாண்டியபின் யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று அர்த்தம். டீன் வந்தாலும் முடியாது. நம் ஊரில் கடைசித் தேதிக்குப் பிறகு ஃபைனோடு ஒரு தேதி, ஃபைனுக்குப் பிறகு கெஞ்சலோடு ஒரு தேதி என்று இருக்கும் அல்லவா, அந்தக் கெஞ்சல் தேதி இங்கே இல்லை.

சரி, பாதுகாப்புப் பயிற்சி. ஒரு ஆய்வுக் குழுவில் மாணவ உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. இங்கே ஹீவி என்பார்கள். லேசர் அளவீடுகளைக் கணினியில் அலசும் வேலை. ஆய்வகத்துக்குள் அடியெடுத்து வைக்க வேண்டுமென்றால் முதலில் பாதுகாப்பு விளக்க வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் சேரும் முன் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது. சட்டம் அப்படி. பல வருடமாக அங்கேயே குடியிருக்கும் பேராசிரியரும் வருடாவருடம் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கையெழுத்து இல்லாமல் மின்சாவி கிடையாது, சாவி இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் சம்பளம் இல்லை.

அந்த மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்னாலேயே, செயலாளர் அம்மாவிடம் போய் எப்போது என்று கேட்டிருந்தேன். அவர் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே "டோனர்ஸ்டாக், ஹால்ப் நொய்ன்" என்றார். டோனர்ஸ்டாக் வியாழன். ஹால்ப் அரை. நொய்ன் ஒன்பது. ஆக ஒன்பதரை. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்ட பெருமையோடு வியாழக்கிழமை 9:20க்கே போய் நின்றேன். ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மன்காரர்களுக்கு "அரை ஒன்பது" என்றால் ஒன்பதை நோக்கிப் போகிற மணியில் பாதி ஆயிற்று, அதாவது எட்டரை. நாம் எட்டைத் தாண்டி அரை என்று எண்ணுகிறோம், அவர்கள் ஒன்பதுக்குள் பாதி என்று எண்ணுகிறார்கள். பவேரியாவில் இன்னும் ஒரு படி மேலே போய் "முக்கால் எட்டு" என்பார்கள். அது ஏழே முக்கால்.

அடுத்த வகுப்பு மூன்று வாரம் கழித்து. மூன்று வாரச் சம்பளம் போயிற்று. அந்த 143 கடிதங்களில் ஒன்றில் 8:30 என்று எண்ணிலேயே போட்டிருந்தது. எழுத்தில் சரியாக இருந்ததை விட்டுவிட்டு ஒரு ஆளின் வாயைத் தேடிப் போய்க் கேட்டேன் பாருங்கள், அதுதான் விருதுநகர் உடம்பு.

இதற்கு நடுவில் வீட்டு வேட்டை. ஆக்ஸ்பர்க் அண்ணனின் விடுதியில் விருந்தாளியை நீண்ட நாள் தங்கவைக்கக் கூடாது என்று விதி. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, பக்கத்து அறைக்காரர் என்னைப் பார்க்கும் விதத்தில் தெரிந்தது. இணையத்தில் ஸ்வாபிங் பகுதியில் ஒரு அறை, 450 யூரோ, படங்களில் மரத்தரையும் பால்கனியும் பளபளத்தன. எழுதினேன். சொந்தக்காரர் இப்போது லண்டனில் இருக்கிறாராம், நல்ல பையனாகத் தெரிகிறேனாம், இரண்டு மாத முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம், அடையாளத்துக்கு அவருடைய பாஸ்போர்ட் நகலையே இணைத்திருந்தார். அண்ணனிடம் காட்டினேன். "நம்மூர்ல லாட்டரி விழுந்துருச்சுன்னு எஸ்எம்எஸ் வருமே, அதேதான். பாஸ்போர்ட்டு எவன்கிட்டயோ இதே மாதிரி வாங்குனது" என்றார். என் வகுப்பில் ஒரு பெண் அதே கதைக்கு 900 யூரோ கட்டியிருந்தாள். அறையைக் கண்ணால் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமல், ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். நம் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பக் கூடாது. அடுத்த ஆளை ஏமாற்ற அதுதான் தூண்டில் புழு.

உண்மையான விளம்பரங்களிலும் பொடி எழுத்தில் நிறைய ஒளிந்திருக்கும். "கால்ட்" என்றால் குளிர்ந்த வாடகை, அறைக்கு மட்டும். "வார்ம்" என்றால் சூடாக்கும் செலவு, தண்ணீர் எல்லாம் சேர்த்து. மின்சாரமும் இணையமும் அதில் அடக்கமா என்று தனியாகக் கேட்க வேண்டும். "காவுட்சியோன்" நம் அட்வான்ஸ். சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். "ஆப்லோஸே" என்று கண்டால் உஷார்: போகிறவரின் சாமான்களை நாம் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். சாமான் இல்லாத வீடு என்றால் இங்கே சமையல் மேடையும் இருக்காது, பல்பும் இருக்காது. ஒரு வீட்டில் கூரையிலிருந்து இரண்டு வயர்கள் மட்டும் தொங்கியதைப் பார்த்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"ஓனே ஆன்மெல்டுங்" என்பதுதான் மிக மோசமான பொடி எழுத்து. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பெயர் ஆன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் இல்லாமல் அது நடக்காது. பதிவு இல்லாவிட்டால் வரி எண் தபாலில் வராது, விசா நீட்டிப்பு சிக்கும், சம்பளம் போடும் இடத்தில் கேள்வி வரும். அதைத் தர மறுக்கும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவு இல்லை.

கடைசியில் அறை கிடைத்தது எப்படி என்றால், லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பால்.

லைப்னிட்ஸ் மையம் ஒவ்வொரு பருவத்திலும் பயிற்சி வகுப்புகளை அறிவிக்கும். லினக்ஸ் அறிமுகம், ஒரே கணக்கைப் பல கோர்களுக்கு, அதாவது கணினிக்குள் கணக்குப் போடும் அலகுகளுக்கு, பங்கிட்டுக் கொடுக்கும் நிரலாக்கம், தரவுப் பகுப்பாய்வு. பல்கலைக்கழக ஆட்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அங்கிருக்கும் சூப்பர்மக்-என்ஜி கணினியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கோர்கள் இருக்கின்றன. அதை வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மொழிபெயர்ப்பில் தப்பு என்று நினைத்தேன். தப்பில்லை. நீர் சூடாக இருந்தால் அதைத் திரும்பக் குளிரவைக்கப் பெரிய குளிரூட்டும் இயந்திரங்கள் தேவைப்படாது, வெளிக்காற்றே போதும்.

நான் பதிந்த வகுப்பு நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் 6ஆவது. பழைய ஆளாக இருந்தால் விட்டிருப்பேன். இந்த முறை முதல் நாள் காலை நேரிலேயே போய் வாசலில் நின்றேன். பதிந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் வரவில்லை. உள்ளே போகச் சொன்னார்கள். இலவச வகுப்புகள் எல்லாவற்றிலும் இது நடக்கும்: பெயர் கொடுப்பது சுலபம், வருவது கஷ்டம். மொழி வகுப்பிலும் அடுத்த பருவம் இதே வழியில்தான் நுழைந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இத்தாலியைச் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர். கோப்பு அனுமதிகளைப் பற்றிய பயிற்சியில் நான் அவருக்கு உதவினேன், காபி இடைவேளையில் அவர் தன் கவலையைச் சொன்னார். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஆய்வுக்காக ஜப்பான் போகிறார், அறை காலியாகக் கிடக்கும், ஐந்து மாத வாடகை வீண். எனக்குக் காபி தொண்டையில் நின்றுவிட்டது. இதற்கு ட்ஸ்விஷன்மீட்டே என்று பெயர், இடைக்கால வாடகை. வளாகத்து உணவகப் பலகையிலும் இதே அறிவிப்பை ஒட்டியிருந்தாராம். நான் தினமும் அந்தப் பலகையின் கீழேதான் தட்டை வைத்துவிட்டுப் போவேன்.

அறை கார்ச்சிங் ஊருக்குள், 410 யூரோ வார்ம். உள்வாடகைக்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். பதிவுத் தாளையும் கேட்டேன். இருவரும் சேர்ந்து சுவர், தரை, ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து, மேசையில் இருந்த காபி வட்டத்தைக்கூட ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நட்பில் இதெல்லாம் எதற்கு என்று எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்கு இல்லை. மார்ச்சில் முன்பணம் ஒரு பைசா குறையாமல் திரும்பியது அந்தத் தாளால்தான். ஜன்னலோரச் சுவரில் பூஞ்சை பிடித்திருந்தது, நான் சாம்பார் வைத்துவிட்டு ஜன்னல் திறக்காததால் வந்தது என்று வீட்டுக்காரர் சந்தேகப்பட்டார். நவம்பர் படத்திலேயே பூஞ்சை இருந்தது.

ஏப்ரலில், புதிதாக விண்ணப்பித்த சிறு விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. கடிதம் வந்தது காலை 7:12. பதில் போட்டது 7:15.

இரண்டாம் வருடம் எங்கள் குழுவின் பயிற்சி அறிவிப்புகளை எழுதும் வேலை ஹீவியான என் தலையில் விழுந்தது. முதல் அறிவிப்பை நம் ஊர்ப் பாணியில் அன்பாக, நீளமாக எழுதினேன். பதினைந்து பேர் நேரம் என்ன என்று கேட்டு எழுதினார்கள். அது நான்காவது பத்தியில் இருந்தது. அடுத்ததில் தேதி, 24 மணிக் கணக்கில் நேரம், அறை எண், கடைசி நாள், என்ன கொண்டுவர வேண்டும், ஐந்தே வரி. யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன பிப்ரவரியில் நான் இரண்டு மாதம் ஊருக்கு வர வேண்டியிருந்தது. விடுதி அலுவலகத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, உணவகப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். கீழே கிழித்துக்கொண்டு போக வசதியாகப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மின்னஞ்சல் முகவரி. மேலே தேதிகள், வார்ம் வாடகை, பதிவுத் தாள் உண்டு, நேரில் பார்க்கலாம். காலையில் ஒட்டினேன், மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது மூன்று துண்டுகள் பாக்கி இருந்தன.